சுழலும் காமிராவும் படத்தில் விழும் பட்டைகளும்



அமெரிக்கப் பள்ளிகளிலும் படைமுகாம்களிலும் நூற்றுக்கணக்கானோர் ஒரே வரிசையில் நிற்கும் மிக நீண்ட பழைய புகைப்படங்களை நீங்கள் கண்டிருக்கலாம். அவற்றுட் பல, 'சர்க்கட்' என்னும் சுழலும் காமிராவால் எடுக்கப்பட்டவை. வில்லியம் ஜான்ஸ்டன் என்பவர் 1904-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

அதன் இயக்கம் விந்தையானது. முறுக்கிய சுருள்வில் விரியும்போது, பற்சக்கரங்கள் காமிராவைத் தாங்கியின்மேல் மெல்லத் திருப்புகின்றன. அதே சக்கரங்கள், ஒரு குறுகிய பிளவின் பின்னே, பிம்பம் நகரும் வேகத்திலேயே பிலிமையும் நகர்த்துகின்றன. ஆகவே காமிரா சுழன்றாலும் படம் கலங்குவதில்லை. வரிசையின் ஒரு முனையில் நின்ற குறும்புக்காரச் சிறுவன் பின்புறமாக ஓடி மறுமுனையில் நின்றால், ஒரே படத்தில் இருமுறை தோன்றுவான்!

இத்தகைய பழங்காமிரா ஒன்றால் முன்னாள் மாணவர் கூட்டம் ஒன்றைப் படமெடுத்தேன். முகங்கள் தெளிவாக விழுந்திருந்தன. ஆனால் படம் நெடுகிலும் வெளிறியும் கறுத்தும் செங்குத்துப் பட்டைகள்! வானத்து மேகத்தைப் பழித்தேன். பின்னர் அளவுகோலை எடுத்து அளந்தேன். பட்டைகளின் இடைவெளி எங்கும் ஒன்றாகவே இருந்தது. மேகம் இவ்வாறு அளந்து வருவதுண்டோ?

காரணம் எளிது. பிளவு 6 மில்லிமீட்டர் அகலம் எனவும், பிலிம் விநாடிக்கு 60 மில்லிமீட்டர் நகர்கிறது எனவும் கொள்வோம். பிலிமின் ஒவ்வோர் இடத்திலும் பத்தில் ஒரு விநாடி ஒளி படும். வேகம் பாதியானால் ஒளி இருமடங்காகும். நெகடிவில் அவ்விடம் கறுக்கும், அச்சில் வெளிறும். காமிராவும் பிலிமும் ஒரே சக்கரத் தொடரில் பிணைந்திருப்பதால் உருவம் சிதையாது. ஒளி மட்டுமே மாறும்.

எனவே பட்டையின் இடைவெளியே நோயைக் காட்டும் நாடி. அவ்வளவு பிலிம் நகர்வதற்குள் எந்தச் சக்கரம் ஒருமுறை சுற்றுகிறது என்று எண்ணிப் பார்த்தேன். அந்தச் சக்கரத்தின் இரு பற்களுக்கிடையே, இறுகிய பழைய எண்ணெயோடு மணல் துகள் ஒன்று சிக்கியிருந்தது. பட்டைகள் ஒழுங்கின்றி விழுந்திருந்தால், பிலிம் உருளையின் உராய்வையோ காற்றின் மோதலையோ ஐயுற்றிருப்பேன்.

சக்கரங்களைத் துடைத்து, மெல்லிய எண்ணெயைத் துளியளவே இட்டேன். தாங்கியைச் சமமாக நிறுத்தினேன். வில்லை முழுதும் முறுக்கி, வேகம் நிலைபெற்ற பின்னரே காட்சி பிளவின் எதிரே வருமாறு சற்று முன்னதாகவே ஓடவிட்டேன். ஒரே சீராக ஒளி படும் வெண்சுவரை முதலில் படமெடுத்துச் சோதித்தேன். பிளவை அகலப்படுத்தினால் நுண்ணிய குலுக்கங்கள் ஒன்றோடொன்று கலந்து மறையும். ஆயினும் மிக அகலமானால் உருவின் கூர்மை குன்றும்.

இப்போது சுவர்ப்படத்தில் பட்டை இல்லை. ஆனால் அன்று கூடிய முதியவர் அனைவரையும் மீண்டும் ஓரிடத்தில் நிறுத்த என்னால் இயலவில்லை. சுவரை முதலிலேயே படமெடுத்திருக்க வேண்டும்; அதனையே உங்களுக்குச் சொல்ல விழைந்தேன்.