சிறு மில்லிங் எந்திரத்திற்கு மாற்றுக் கட்டுப்பாட்டுச் சாதனத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஓர் எந்திரத்தின் உறுப்புக்கள் யாவும் ஒரே காலத்தில் முதுமையடைவதில்லை. வார்ப்பிரும்பு மேடையும் திருகுத் தண்டும் எண்ணெயிட்டுப் பேணப்பட்டால் பல்லாண்டுகள் உழைக்கும். அவற்றை இயக்கும் மின்னணுப் பலகையோ அதற்கு முன்பே பழுதாகிவிடுகிறது; பழுதாகாவிடினும், அதனோடு இணைக்கத்தக்க கணிப்பொறி கிடைக்காமற் போகிறது. நல்ல நிலையிலுள்ள சிறிய சி.என்.சி. மில்லிங் எந்திரங்கள் பயிற்சிக் கூடங்களில் உறை மூடிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும். இத்தகைய எந்திரத்தை மீண்டும் பணியில் ஈடுபடுத்த விரும்பும் ஆசிரியரும் களப் பணியாளரும் கவனிக்க வேண்டியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

எண்வழிக் கட்டுப்பாட்டால் இயங்கும் மில்லிங் எந்திரம் 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயக்கிக் காட்டப்பட்டது. அதற்கான கட்டளைகள் துளையிட்ட நாடாவில் இருந்தன; கட்டுப்பாட்டுப் பகுதியோ வெற்றிடக் குழாய்களால் ஆன பெரும் பெட்டியாக இருந்தது. அப்பெட்டி செய்த வேலையை இன்று உள்ளங்கையளவான பலகை செய்துவிடுகிறது. எனினும், வேலையின் தன்மை மாறவில்லை.

நான்கு நிலைகள்

சிறு எந்திரங்களின் கட்டுப்பாட்டு அமைப்பை நான்கு நிலைகளாகப் பிரித்துக் கொள்ளலாம். முதலாவது, 'ஜி-கோடு' எனப்படும் கட்டளைகளை வரிவரியாக வாசிக்கும் நிரல். இரண்டாவது, அக்கட்டளைகளை மின் துடிப்புக்களாக மாற்றும் துடிப்பாக்கி. மூன்றாவது, அத்துடிப்புக்களுக்கேற்ப மோட்டாரின் சுருள்களுக்கு மின்னோட்டத்தைச் செலுத்தும் டிரைவர். நான்காவது, ஒவ்வொரு துடிப்பிற்கும் ஒரு சிறு கோணமே சுழலும் ஸ்டெப்பர் மோட்டார்.

இரண்டாம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்கு ஓர் அச்சுக்கு இரண்டு செய்திகளே செல்கின்றன. ஒன்று 'ஓர் அடி நகர்க' என்னும் துடிப்பு. மற்றொன்று நகர வேண்டிய திசை. இம்முறை பல உற்பத்தியாளர்களுக்கும் பொதுவானது. ஆகையால், துடிப்பாக்கியும் டிரைவர்களும் தனித்தனியே உள்ள அமைப்பையே தெரிந்து கொள்வது சிறந்தது. யாவும் ஒரே பலகையில் அமைந்திருந்தால், ஓர் அச்சின் டிரைவர் கருகினாலும் பலகை முழுவதையும் மாற்ற நேரிடும். தனித்தனியே இருந்தால் பழுதான பகுதியை மட்டும் மாற்றினால் போதும். பத்தாண்டு கழித்துப் புதுவகைத் துடிப்பாக்கி வந்தாலும் அதைப் பழைய டிரைவர்களுடன் இணைத்துக் கொள்ளலாம்.

மோட்டாரிலிருந்து தொடங்குக

கடையில் பலகையைப் பார்ப்பதற்கு முன் எந்திரத்தின் மோட்டாரைப் பார்க்க வேண்டும். அதன் பெயர்ப் பட்டையில் ஆம்பியர் அளவு குறிக்கப்பட்டிருக்கும். 3 ஆம்பியர் மோட்டாருக்கு, 1 அல்லது 2 ஆம்பியர் மட்டும் தரவல்ல சிறு டிரைவர் பயன்படாது. அது சூடேறி நின்றுவிடும், அல்லது மோட்டார் அடிகளைத் தவறவிடும்.

அடுத்து, கம்பிகளை எண்ண வேண்டும். நான்கு கம்பிகளுள்ள மோட்டாரில் இரண்டு சுருள்கள் உண்டு. மின் இணைப்பு ஏதுமில்லாத நிலையில் இரு கம்பிகளை ஒன்றாகத் தொட்டுக்கொண்டு தண்டைக் கையால் சுழற்றினால், அவை ஒரே சுருளைச் சேர்ந்தவையாயின் தண்டு இறுக்கமாகச் சுழல்வதை உணரலாம். மல்டிமீட்டரால் அளந்தும் இதை உறுதி செய்யலாம். பழைய எந்திரங்களில் ஆறு கம்பி மோட்டார்கள் காணப்படுகின்றன. ஒவ்வொரு சுருளின் நடுக் கம்பியையும் இணைக்காமல் காப்பிட்டு விட்டுவிட்டால், இவற்றையும் இக்கால டிரைவர்களால் இயக்கலாம். மோட்டாரை வீணென்று ஒதுக்க வேண்டுவதில்லை.

டிரைவரில் மின்சாரம் இருக்கும்போது மோட்டாரின் கம்பியை ஒருபோதும் கழற்றலாகாது. அவ்வாறு கழற்றினால் டிரைவர் அக்கணமே பழுதாகக்கூடும்.

துடிப்பின் கணக்கு

துடிப்பாக்கி ஒன்று நமக்குப் போதுமா என்பதை எளிய கணக்கால் அறியலாம். வழக்கமான ஸ்டெப்பர் மோட்டார் ஓர் அடிக்கு 1.8 பாகை சுழலும். ஆகவே ஒரு முழுச் சுற்றுக்கு 200 அடிகள். டிரைவர் ஒவ்வோர் அடியையும் 8 நுண்ணடிகளாகப் பிரித்தால், சுற்றுக்கு 1,600 துடிப்புக்கள் வேண்டும். ஒரு சுற்றுக்கு மேடை 5 மி.மீ. நகருமாயின், ஒரு மி.மீ.க்கு 320 துடிப்புக்கள் ஆகின்றன. மேடை நிமிடத்திற்கு 1,500 மி.மீ., அதாவது வினாடிக்கு 25 மி.மீ. நகர வேண்டுமெனில், வினாடிக்கு 8,000 துடிப்புக்கள் தேவை.

ஆர்டுயினோ யூனோ என்னும் சிறு பலகையில் இயங்கும் 'ஜிஆர்பிஎல்' நிரல், வினாடிக்கு 30,000 துடிப்புக்கள் வரை தரவல்லது. மேற்கண்ட தேவைக்கு இது போதும். ஆனால், நுண்ணடிகளை 32 ஆக உயர்த்தினால் தேவை 32,000 ஆகிவிடும்; அப்போது அதே பலகை போதாது. நுண்ணடிகளை மிகுதியாக்குவதால் இயக்கம் மென்மையாகும்; ஆனால் துல்லியம் அதே விகிதத்தில் உயர்வதில்லை.

மூன்று வழிகள்

முதல் வழி, மேற்கூறிய ஜிஆர்பிஎல். விலை குறைவு, மூன்று அச்சு எந்திரத்திற்கு ஏற்றது, யூ.எஸ்.பி. துளையுள்ள சாதாரணக் கணிப்பொறி போதும். எனினும், மோட்டார்க் கம்பிகளிலிருந்து எழும் மின் இரைச்சலால் யூ.எஸ்.பி. தொடர்பு நடுவில் அறுபடக்கூடும். கம்பிகளைத் தனித்தனிப் பாதையில் கொண்டு செல்வதும், உறையிட்ட கம்பிகளை உபயோகிப்பதும் இதைக் குறைக்கும்.

இரண்டாம் வழி, ஈஎஸ்பி32 சில்லில் இயங்கும் 'புளூயிட்என்சி'. இதற்குக் கம்பியில்லாத் தொடர்பு உண்டு. இதன் செய்திகள் 3.3 வோல்ட் அளவினவாகையால், 5 வோல்ட்டை எதிர்பார்க்கும் டிரைவர்களோடு இணைக்க இடையில் அளவு மாற்றி தேவைப்படலாம்.

மூன்றாம் வழி, 'லினக்ஸ்சிஎன்சி'. அமெரிக்க அரசின் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனத்தில் உருவான நிரலிலிருந்து வளர்ந்த இது, விலையின்றிக் கிடைப்பது. பழைய கணிப்பொறியின் 25 முனை இணைத் துளை வழியாகவே இதை இயக்கலாம். ஆகவே, பழைய டிரைவர்கள் நலமாயிருந்தால் கணிப்பொறியின் நிரலை மட்டும் மாற்றி எந்திரத்தை மீட்கவும் இயலும். கற்றுக்கொள்ளக் கூடுதல் காலம் வேண்டும். நான்கு, ஐந்து அச்சுக்கள் உள்ள எந்திரத்திற்கு இதுவே தகுதியானது.

ஒரே வகைப் பணி செய்யும் மூன்று அச்சு எந்திரத்தில் மாணவர் பயில்வதற்கு முதல் வழியே போதுமானது.

நிறுத்தும் பொத்தான்

எந்தப் பலகையைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றில் விட்டுக்கொடுக்கலாகாது. அவசர நிறுத்தப் பொத்தான் நிரலின் வழியாக அன்றி, நேரடியாக மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். மாணவனின் சட்டைக் கை வெட்டுக் கருவியில் சிக்கும் கணத்தில் கணிப்பொறி உறைந்து நிற்கலாம், யூ.எஸ்.பி. தொடர்பு அறுந்திருக்கலாம். அப்போதும், சிவப்புக் காளான் வடிவப் பொத்தானை அழுத்தினால் காண்டாக்டர் விடுபட்டு, சுழல் தண்டுக்கும் மோட்டார்களுக்கும் செல்லும் மின்சாரம் நிற்க வேண்டும்.

பொத்தானை விடுவித்த மாத்திரத்தில் எந்திரம் தானே இயங்கலாகாது. அதற்கெனத் தனிப் பச்சைப் பொத்தான் இருத்தல் வேண்டும். மின்தடை நீங்கி மின்சாரம் திரும்பும்போதும் இதுவே விதி. 230 வோல்ட் பகுதியைத் தகுதி பெற்ற மின் பணியாளரைக் கொண்டே இணைக்க வேண்டும். எந்திரத்தின் உடல் நிலத்தொடர்பு பெற்றிருக்க வேண்டும். அச்சுக்களின் எல்லைச் சுவிட்சுகளை இயல்பில் மூடியிருக்கும் முறையில் இணைத்தால், கம்பி அறுந்தாலும் எந்திரம் நின்று குறையை அறிவிக்கும்.

செயல்படுத்தும் வரிசை

முதலில் மோட்டாரின் அளவுகளைக் குறித்துக்கொள்க. அவற்றிற்கேற்ற டிரைவரையும் மின்வழங்கியையும் தேர்ந்தெடுக்க. பின்னர்த் துடிப்புக் கணக்கிட்டுத் துடிப்பாக்கியை முடிவு செய்க. இணைத்த பின், வெட்டுக் கருவியைப் பொருத்தாமல் 50 மி.மீ. நகரக் கட்டளையிட்டு அளந்து பார்க்க. 100 மி.மீ. அல்லது 25 மி.மீ. நகர்ந்தால் நுண்ணடி அமைப்பு தவறென்பது விளங்கும். அவசரப் பொத்தானை மேடை நகரும்போதே அழுத்திச் சோதித்த பின்னரே மாணவர்களை அருகில் அனுமதிக்க வேண்டும்.

இறுதியாக, கம்பி இணைப்புப் படத்தையும், மி.மீ.க்குரிய துடிப்பு எண்ணிக்கையையும், டிரைவரின் ஆம்பியர் அமைப்பையும் ஒரு தாளில் எழுதிக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் மூடியின் உட்புறத்தில் ஒட்டி வைக்க. இன்றைய ஆசிரியர் மாற்றலாகிச் சென்ற பின் அப்பெட்டியைத் திறப்பவருக்கு அத்தாளே வழிகாட்டியாகும்.