ஆய்வெலியின் படுக்கை

பழவேற்காட்டு மீனவர் குப்பங்களில் வெறும் மணலில் உலர்த்திய கருவாட்டை உண்டவர் அறிவர்: பல்லில் மணல் நெருடும். பாயில் உலர்த்தியதில் அந்தத் தொல்லை குறைவு. கிடந்த இடம் பொருளிலும் ஏறிவிடுகிறது. நீரிழிவுக்கு மருந்து தேடும் ஆய்வுக்கூடத்திலும் இதனையே காண்கிறோம்.

அங்கே எலிக் கூண்டுகளில் ஈரம் உறிஞ்சுவதற்காக மரச்சீவலையோ, மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரின் துகளையோ பரப்புவர். நம் நாட்டில் நெல் உமியும் உண்டு. வாசமுடைய சிடார் மரச்சீவலில் வாழ்ந்த எலிகள், உறக்க மருந்து தந்தும் முன்னதாகவே விழித்தெழுவதை 1967இல் அமெரிக்க அறிஞர் எலியட் வெசல் வெளியிட்டார். மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளை அச்சீவல் தூண்டிவிட்டிருந்தது. பழி மருந்தின்மேல் விழுந்திருக்கும்!

வளர்சிதைமாற்ற ஆய்வில் சிக்கல் இன்னும் மிகுதி. எலி தன் படுக்கையையே கொறிக்கும். பட்டினியிட்டுக் குருதிச் சர்க்கரையை அளக்க முனைவோர், தீவனத்தை அகற்றிவிட்டுச் சோளத்துகளை விட்டுவைத்தால் அது பட்டினியாகுமா? சுண்டெலிக்கு உகந்த வெப்பம் ஏறத்தாழ 30 பாகை செல்சியசு; ஆய்வுக்கூடங்களிலோ பெரும்பாலும் 20 முதல் 24 வரைதான். ஆழமான படுக்கையில் புதைந்து கிடப்பது உடற்சூட்டைக் காத்துக்கொள்ளும். மெல்லிய பரப்பில் கிடப்பது கூடுதல் ஆற்றலை எரிக்கும். எடை குறைந்தது மருந்தாலா, குளிராலா?

எந்தச் சுவடியிலிருந்து பாடம் கொண்டோம் என்று குறிக்காத பதிப்பைத் தமிழ்த்துறையில் நாம் ஐயத்துடனேயே நோக்குவோம். படுக்கை இன்னதென்று கூறாத ஆய்வுக்கட்டுரையையும் அவ்வாறே நோக்க வேண்டியுள்ளது. என்ன பொருள், எவ்வளவு ஆழம், எத்தனை நாளுக்கொருமுறை மாற்றினர் என்பவற்றை மருந்தின் அளவுக்குப் பக்கத்திலேயே எழுதுமாறு விலங்கியல் மாணவரைக் கேட்டுக்கொள்கிறோம்.