வலியை அடக்கும் விஷம்: தூத்துக்குடி கடலின் கூம்பு நத்தைக்கும் பிபி மாத்திரைக்கும் என்ன தொடர்பு?

தூத்துக்குடி கடலில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-ல். சங்கு குளிப்பு மட்டும் இன்றும் தொடர்கிறது. சங்கு தேடி மூழ்குபவர்கள் அதே கடலடியில் பார்க்கும் இன்னொரு ஜீவன் கூம்பு நத்தை. ஐஸ்கிரீம் கோன் மாதிரி ஓடு, அதன்மேல் கோலம் போட்டது போன்ற வரிகள். பார்த்தாலே எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளத் தோன்றும். ஆனால், உயிரோடு இருப்பதைத் தொடவே கூடாது.

இதன் வாயில் ஈட்டி போன்ற, உள்ளே குழலாக இருக்கும் பல் இருக்கிறது. அதன் வழியே விஷத்தைப் பாய்ச்சித்தான் இரை பிடிக்கும். சில இனங்கள் புழுவைத் தின்னும், சில பிற நத்தைகளை, சில மீனையே பிடிக்கும். ஊர்ந்து போகிற நத்தை நீந்துகிற மீனை எப்படிப் பிடிக்கிறது? ஓரிரு விநாடியில் மீனின் நரம்பும் தசையும் ஸ்தம்பித்துவிடும், அவ்வளவுதான். விஷம் போய்த் தாக்கும் இடத்தின் பெயர் அயன் சேனல்.

அது என்ன அயன் சேனல்?

துறைமுக கேட் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். நம் உடலின் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் ஒரு சவ்வு. சோடியம், பொட்டாசியம், கால்சியம் அயனிகள் நினைத்தபடி அதைத் தாண்ட முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி புரத வாயில் உண்டு. வாயில் திறந்தால் அயனி பாயும், மின்னோட்டம் உருவாகும். வலி மூளைக்குப் போவதும் இதயம் துடிப்பதும் இப்படித்தான். ஒரே ஒரு வாயில் வழியே போகும் மின்னோட்டத்தை அளக்கும் முறையைக் கண்டுபிடித்த நேஹர், சாக்மன் இருவருக்கும் 1991-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வாயில்களைக் குறிவைக்கும் மருந்துகள் மெடிக்கல் ஷாப்பில் ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றன. பிபிக்குப் போடும் அம்லோடிபின், ரத்தக்குழாய்த் தசையின் கால்சியம் வாயிலை அடைக்கிறது. தசை தளர்கிறது, அழுத்தம் குறைகிறது. பல் பிடுங்கும் முன் போடும் லிக்னோகைன் ஊசி அடைப்பது சோடியம் வாயிலை. சுகர் மாத்திரையான கிளிமிபிரைடு, கணையத்தின் பொட்டாசியம் வாயிலை மூடி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது.

சிக்கலும் இங்கேதான். ஒரே மாதிரியான வாயில்கள் உடல் முழுக்க இருக்கின்றன. அலர்ஜிக்குக் கொடுத்த டெர்ஃபினடின், சிலருக்கு இதயத்தின் பொட்டாசியம் வாயிலையும் அடைத்துத் துடிப்பைக் குலைத்தது. 1990-களின் இறுதியில் அமெரிக்காவில் அதைத் திரும்பப் பெற்றார்கள். இன்று புதிய மருந்து எதுவாக இருந்தாலும், அந்த வாயிலைத் தொடுகிறதா என்று முதலிலேயே சோதித்துவிடுகிறார்கள்.

நத்தை விஷத்துக்கு மவுசு வந்ததும் இதனால்தான். அதிலுள்ள குட்டிப் புரதங்கள், ஒரு வகை வாயிலை மட்டும் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்ளக் கூடியவை. பிலிப்பைன்ஸில் பிறந்த விஞ்ஞானி பால்டொமெரோ ஒலிவேராவின் அமெரிக்க ஆய்வகத்தில், பள்ளிப்படிப்பு முடித்த கையோடு சேர்ந்த மைக்கேல் மெக்கின்டாஷ் என்ற மாணவர் அப்படி ஒன்றைப் பிரித்தெடுத்தார். மொத்தமே 25 அமினோ அமிலங்கள். அதன் செயற்கை வடிவம்தான் ‘சிகோனோடைடு’. 2004 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. முதுகுத்தண்டில் வலிச் செய்தியைக் கடத்தும் கால்சியம் வாயிலை இது அடைக்கிறது. மார்பின் போல அடிமைப்படுத்தாது. ஆனால், மாத்திரையாக விழுங்க முடியாது. பம்ப் வைத்து முதுகுத்தண்டு நீரில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மனக்குழப்பம், இல்லாதது தெரிவது போன்ற பக்கவிளைவுகளும் உண்டு. எனவே, வேறு எதற்கும் அடங்காத கடும் வலிக்கு மட்டுமே இதைத் தருகிறார்கள்.

நம்ம கடலில்?

இந்தியாவின் தென்கிழக்குக் கடற்கரையில் கிடைக்கும் ‘கோனஸ் அமாடிஸ்’ நத்தையின் விஷத்தை, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பி.பலராம், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கே.எஸ்.கிருஷ்ணன் ஆகியோர் அடங்கிய குழு ஆராய்ந்தது. 2003-ல் வெளியான அவர்களின் கட்டுரைப்படி, அதிலுள்ள ஒரு புரதம் சோடியம் வாயிலைச் சரியாக மூடவிடாமல் தடுக்கிறது. அதாவது, லிக்னோகைன் செய்வதற்கு நேர் எதிரான வேலை. இது மருந்தாகிவிட்டது என்று யாரும் வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட வேண்டாம். வாயில் எப்படி மூடுகிறது என்று புரிந்துகொள்ள உதவும் கருவி, அவ்வளவே. நத்தையே இல்லாமலும் இந்த வேட்டை நடக்கிறது: 2025 ஜனவரியில் அமெரிக்கா அனுமதித்த சுசெட்ரிஜின் என்ற வலி மாத்திரை, வலி நரம்பின் ஒரு குறிப்பிட்ட சோடியம் வாயிலை மட்டும் அடைக்கிறது.

தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரையிலான 21 தீவுகள் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவில் அடங்கும். உயிரினங்களை அங்கிருந்து எடுப்பது குற்றம். வெளிநாட்டு நிறுவனம் இந்திய உயிரினத்தை ஆய்வுக்கு எடுக்க வேண்டுமானால், 2002-ம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். லாபம் வந்தால் பங்கும் தர வேண்டும். அந்தப் பங்கு சங்குகுளி மீனவரின் கைவரை வந்து சேருமா என்பதுதான் கேள்வி.

அதுவரை ஒரு விஷயம். கூம்பு நத்தை கொட்டினால் அதற்கென்று மாற்று மருந்து கிடையாது. சில இனங்கள் கொட்டினால் வலியே தெரியாது, அந்த விஷத்திலேயே வலியை மரத்துப்போகச் செய்யும் பொருள் இருக்கிறது. வலிக்கவில்லையே என்று வீட்டில் இருக்காமல், மூச்சுக்கு உதவும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும்.