கர்ப்ப காலத்தில் மூளையில் ரத்தக்கசிவு: தாயையும் சேயையும் எப்படிக் காப்பாற்றுகிறார்கள்?

கர்ப்பிணி தலைவலி என்று சொன்னால் வீட்டில் முதலில் வரும் பதில், "பித்தமா இருக்கும், தைலம் தேய்ச்சுட்டுப் படு". பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் 20 வாரத்துக்குப் பிறகு வரும் கடுமையான தலைவலிக்கு உயர் ரத்த அழுத்தம் காரணமாக இருக்கலாம். பி.பி. எகிறினால் மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கும் ஆபத்து உண்டு. அரிதுதான், ஆனால் உயிரையே பறிக்கும்.

எப்போது பயப்பட வேண்டும்?

பி.பி. 140/90-ஐத் தொட்டாலே டாக்டரைப் பார்க்க வேண்டும். 160/110-ஐத் தொட்டு, 15 நிமிடம் கழித்தும் இறங்காவிட்டால் அது அவசரநிலை. ஒரு மணி நேரத்துக்குள் லேபெடலால், நிஃபெடிபின் போன்ற மருந்துகளைத் தொடங்குவார்கள். வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி. பி.பி.யைத் தடாலடியாகக் குறைக்க மாட்டார்கள். குறைத்தால் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறைந்துவிடும்.

பி.பி. இல்லாதவர்களுக்கும், மூளை ரத்தக்குழாயில் பிறவிக் கோளாறோ வீக்கமோ இருந்தால் கசிவு வரலாம். திடீரென இடி விழுந்த மாதிரி தலைவலி, பார்வை மங்கல், வாய் கோணல், வலிப்பு வந்தால் காத்திருக்காதீங்க.

"வயித்துல புள்ள இருக்கு, ஸ்கேன் வேண்டாம்"

குடும்பத்தினர் அதிகம் தயங்குவது இங்கேதான். தலைக்கு எடுக்கும் சி.டி. ஸ்கேனில் கருவுக்குப் போகும் கதிர்வீச்சு 0.01 மில்லிகிரே அளவுக்கும் கீழ். 50 மில்லிகிரேக்குக் கீழே கருவில் ஊனம் ஏற்படுவதாகத் தெரியவில்லை. ஸ்கேனைத் தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து.

கசிவு உறுதியானால் தாயின் உயிருக்கே முதலிடம். மூளை அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், கர்ப்பம் என்பதற்காக அதைத் தள்ளிப்போட மாட்டார்கள். மாதம் நிறைந்திருந்தால் முதலில் சிசேரியன் செய்து குழந்தையை எடுக்கலாம். ஆரம்ப மாதங்கள் என்றால், கர்ப்பத்தைத் தொடர்ந்தபடியே தாய்க்குச் சிகிச்சை தருவதும் உண்டு.

எங்கே போவது?

108-ஐ அழைத்ததும் வாரக்கணக்கையும் பி.பி. அளவையும் சொல்லுங்கள். கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. பழைய ராஜா முத்தையா மருத்துவமனைதான் இப்போது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பெயரில் கடலூர் இருந்தாலும் இருப்பது சிதம்பரம் அண்ணாமலை நகரில். அவசரத்தில் குழம்ப வேண்டாம். மூளை அறுவை சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மரும் உண்டு.

பிரசவம் முடிந்தும் 6 வாரம் வரை இந்த ஆபத்து இருக்கிறது. அந்த நாட்களில் பலர் அம்மா வீட்டில் இருப்பார்கள், செக்கப்பும் விட்டுப்போகும். அங்கே வலிப்பு வந்தால் "ஜன்னி" என்று சாவிக்கொத்தைக் கையில் திணிக்காதீங்க. இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-ஐக் கூப்பிடுங்க. கர்ப்பகால அட்டையும் கையோடு இருக்கட்டும்.