'பொன்னியின் செல்வன்' இலவசம். 'கடல் புறா' ஏன் இல்லை? யார் இந்த சாண்டில்யன்?

ராயபுரம் தாண்டி காசிமேட்டில் நின்று தெற்கே பார்த்தால் சென்னைத் துறைமுகத்தின் கிரேன்கள் தெரியும். அந்தத் துறைமுகத்தில் இருந்து ஒருகாலத்தில் பினாங்குக்கு பயணிகள் கப்பல் போய்க்கொண்டிருந்தது. முதலில் 'ரஜூலா', பிறகு 'எம்.வி.சிதம்பரம்'. 1985-ல் சிதம்பரம் கப்பலில் தீ விபத்து நடந்ததோடு அந்தக் கதை முடிந்தது. பினாங்கு மாநிலத்தை ஒட்டி இருப்பது மலேசியாவின் கெடா மாநிலம். நம்ம ஆட்கள் பழைய காலத்தில் அதைத்தான் கடாரம் என்றார்கள்.

அந்தக் கடாரத்துக்கு வாராவாரம் கப்பல் விட்ட இன்னொருவர் இருந்தார். டிக்கெட், குமுதம் இதழின் விலை மட்டும்தான். அவர் பெயர் சாண்டில்யன்.

இயற்பெயர் பாஷ்யம் ஐயங்கார். 1910 நவம்பர் 10-ல் பிறந்தார். பூர்விகம் மயிலாடுதுறை பக்கம் திருஇந்தளூர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படிக்கும்போதே ராஜாஜியின் பேச்சில் ஈர்க்கப்பட்டு சுதந்திரப் போராட்டத்தின் பக்கம் சாய்ந்தவர். சென்னைக்கு வந்த பிறகு கல்கியின் நட்பு கிடைத்தது. அவருடைய தொடக்ககாலச் சிறுகதைகளை ஆனந்த விகடனில் போட்டதே கல்கிதான்.

ஆனால் சோறு போட்டது நாவல் இல்லை. 1930-களில் சுதேசமித்திரனில் நிருபர் வேலை. அதாவது, செய்தி தேடி ஊர் சுற்றி, கெடுவுக்குள் எழுதிக் கொடுக்கும் வேலை. நடுவில் சினிமாவும் வந்தது. பி.என்.ரெட்டியின் 'ஸ்வர்க்க சீமா' (1945), நாகையாவின் 'என் வீடு' (1953) ஆகிய படங்களின் திரைக்கதையில் அவர் பங்கு உண்டு. பத்திரிகையில் கற்ற வேகம், சினிமாவில் கற்ற காட்சி அமைப்பு. இந்த ரெண்டையும் வைத்துக்கொண்டுதான் சரித்திர நாவலுக்கு வந்தார்.

1954-ல் கல்கி மறைந்தார். சரித்திரத் தொடர்கதைக்குப் பழகிப்போன லட்சக்கணக்கான வாசகர்கள் அப்படியே காத்திருந்தார்கள். அந்த இடத்துக்கு வந்த பலரில், வாசகர்களைக் கடலுக்கு இழுத்துக்கொண்டு போனவர் சாண்டில்யன்.

'கடல் புறா'வையே எடுத்துக்கொள்வோம். ஹீரோ கருணாகர பல்லவன். இவர் முழுக் கற்பனை இல்லை. முதலாம் குலோத்துங்கனின் கலிங்கப் போரை நடத்திய தளபதி கருணாகரத் தொண்டைமான், ஜெயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் வருகிறார். வீரராஜேந்திர சோழனின் படை கடாரத்தை வென்று, அதை அதன் அரசனுக்கே திருப்பிக் கொடுத்த செய்தி கல்வெட்டில் இருக்கிறது. சரித்திரம் தருவது கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்தத் தளபதி இளைஞனாக இருந்தபோது என்ன செய்தான்? கடல் போர் யாரிடம் கற்றான்? இந்த இடைவெளியில்தான் சாண்டில்யன் புகுந்தார். கலிங்கத்துப் பாலூர்ப் பெருந்துறையில் கதையைத் தொடங்கி, அகூதா என்ற சீனக் கொள்ளைக்காரனைக் கொண்டுவந்து, புறா வடிவத்தில் ஒரு போர்க்கப்பலையும் கட்டிவிட்டார். மூன்று பாகம் ஓடியது.

சோழர்கள் என்றால் கோயில், காவிரி, அரண்மனைச் சதி என்று மட்டும் நினைத்திருந்தவர்களுக்கு காற்றின் திசை, பாய்மரம், சுங்கச்சாவடி, துறைமுக உளவாளி என்று வேறொரு உலகம் கிடைத்தது. 'யவன ராணி'யில் கரிகாலன் காலத்துப் புகார் கடற்கரையில் ஒரு யவனப் பெண் ஒதுங்குகிறாள். 'ஜல தீபம்' நாவலில் மராட்டியக் கடற்படைத் தலைவர் கனோஜி ஆங்கரே வருகிறார். தமிழ் வாசகருக்கு அந்தப் பெயரை அறிமுகம் செய்ததில் பாடப்புத்தகத்தை விட இந்த நாவலுக்குப் பங்கு அதிகம் என்றே சொல்லலாம்.

குறை இல்லையா? இருக்கு. பெண்களைப் பற்றிய வர்ணனை சில இடங்களில் பக்கக்கணக்கில் நீளும். இன்று படிப்பவர்களுக்கு சலிப்பு வரும், சிலருக்குக் கோபமே வரும். அந்தப் பெண்கள் அரசியல் சூழ்ச்சியில் ஆண்களைத் தோற்கடிப்பவர்கள் என்பது உண்மைதான். ஆனாலும் வர்ணனை வர்ணனைதான். ஒவ்வொரு அத்தியாயமும் ஹீரோவை ஆபத்தில் நிறுத்திவிட்டு முடிவதையும் விமர்சகர்கள் குறை சொன்னார்கள். வெப் சீரிஸ் பார்க்கும் தலைமுறைக்கு அது குறையாகத் தெரியுமா என்பது சந்தேகம். கல்கிக்கும் (அவர் மறைவுக்குப் பின் 1956-ல்) அகிலனுக்கும் (1963) கிடைத்த சாகித்ய அகாடமி விருது சாண்டில்யனுக்குக் கிடைக்கவே இல்லை.

இப்போ தலைப்பில் இருக்கும் கேள்விக்கு வருவோம். கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டன. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், ஒலிப்புத்தகம் செய்யலாம், ஆப்பில் ஏற்றலாம். 2022-ல் மணிரத்னம் படம் வந்தபோது 'பொன்னியின் செல்வன்' எல்லோர் போனிலும் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். சாண்டில்யனின் நூல்கள் அப்படி நாட்டுடைமை ஆகவில்லை. இந்தியச் சட்டப்படி, எழுத்தாளர் இறந்த அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் இருந்து 60 ஆண்டுகளுக்கு காப்புரிமை உண்டு. அவர் காலமானது 1987 செப்டம்பரில். கணக்குப் போட்டால் 2047 டிசம்பர் 31 வரை. இப்போது 25 வயதில் இருப்பவர் அப்போது 50-ஐ நெருங்கியிருப்பார்.

எழுத்தை மட்டுமே நம்பி வாழ்ந்தவரின் குடும்பத்துக்கு ராயல்டி போவது நியாயம்தான். வாட்ஸ்அப்பில் சுற்றும் 'கடல் புறா' பிடிஎஃப் அந்த நியாயத்தைக் கெடுக்கிறது. அதேசமயம், காசு கொடுத்து மூன்று பாகம் வாங்கத் தயங்கும் புது வாசகர், இலவசமாகக் கிடைக்கும் கல்கியோடு நின்றுவிடுகிறார் என்பதும் நடக்கிறது.

மூன்று பாகம் என்றதும் மலைப்பாக இருந்தால் 'மலைவாசல்' நல்ல தொடக்கம். ஒரே புத்தகம். ஸ்கந்தகுப்தர் காலத்து ஹூணர் படையெடுப்புதான் கதை. அதில் கடல் கிடையாது. அது பிடித்துப்போனால் அடுத்து பாலூர்ப் பெருந்துறைக்குப் போகலாம்.