இலை மடிப்பாய் வளரும் கட்டி

மார்பில் ஒரு கட்டி. தொட்டால் நழுவுகிறது, வலி இல்லை. சில மாதங்களுக்குள் இரண்டு மடங்காகிறது. தோல் பளபளத்து ரத்த நாளங்கள் புடைக்கின்றன. பார்க்கிறவர்கள் எல்லாம் புற்றுநோய்தான் என்று முடிவுகட்டிவிடுவார்கள். பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை.

இது ஃபில்லோடஸ் கட்டி. மார்பகக் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. 1838இல் இதற்குப் பெயரிட்டவர் ஜெர்மானிய மருத்துவர் யோகான்னஸ் முல்லர். குறுக்கே வெட்டிப் பார்த்தால் உள்ளே இலை இலையாக மடிப்புகள். மார்பகப் புற்று பால் நாளங்களிலும் சுரப்பிகளிலும் தொடங்கும். இதுவோ அவற்றைத் தாங்கி நிற்கும் இணைப்புத் திசுவின் வளர்ச்சி. எவ்வளவு பெரிது என்பது எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்லாது. கையகலக் கட்டி சாதுவாக இருக்கலாம், சின்னது கெட்டதாகவும் இருக்கலாம்.

இளம்பெண்களுக்குச் சாதாரணமாக வரும் நார்க்கட்டியும் இதுவும் ஸ்கேனில் பெரும்பாலும் ஒன்றுபோலவே தெரியும். 2014இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் நார்க்கட்டிகளில் 'மெட்12' என்ற மரபணுவில் ஒரு பிறழ்வைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே ஃபில்லோடஸிலும் அது தென்பட்டது. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை என்று எண்ண வைக்கும் கண்டுபிடிப்பு! மெல்லிய ஊசியில் எடுக்கும் சில செல்கள் இவற்றைப் பிரித்தறியப் போதாது. தடித்த ஊசியால் சதைத்துண்டு எடுக்கும் பயாப்சி மேல். அதுவும் சில சமயம் ஏமாற்றும். முழுக் கட்டியையும் நுண்ணோக்கியில் பார்த்து, செல்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன, எத்தனை செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன, ஓரம் எப்படி என்று கணித்தபிறகே தீங்கற்றது, இடைப்பட்டது, புற்று என மூன்றில் ஒன்றாக வகைப்படுத்துவார்கள்.

நார்க்கட்டி என்று நினைத்து நோண்டி எடுத்துவிட்டால், விட்டுப்போன இழையிலிருந்து மறுபடி முளைக்கலாம். இடைப்பட்டதற்கும் புற்றுக்கும் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் நல்ல திசுவையும் சேர்த்து எடுப்பது வழக்கம். புற்று வகை பரவினால், ரத்தத்தின் வழியே பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான் போகும்; ஆகவே அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளை எடுக்கும் தேவை அநேகமாக வராது. ஹார்மோன் மாத்திரைகளும் இதில் பலிப்பதில்லை.

இதற்கெல்லாம் எங்கே போவது? புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1954இல் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவர் முயற்சியால் எழுந்தது. ஆனால் புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலையில் இருக்கும் ஒரு பெண் முதல் பரிசோதனைக்கே சென்னை வரை அலைய வேண்டியதில்லை. திருச்சி சுமார் 30 கிலோமீட்டர். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புதுக்கோட்டையிலும் 2017 முதல் இருக்கிறது.

அக்கா, தங்கச்சி யாராக இருந்தாலும் சரி, கட்டி வேகமாக வளர்ந்தால் கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். எங்கே அறுவை செய்தாலும், எடுத்த கட்டி முழுவதையும் நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அறிக்கை வந்ததும், வெட்டியெடுத்த ஓரம் கட்டியின் இழை இல்லாமல் சுத்தமாக இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள்.