காஸ்டிக் சோடாவில் ஊறிய சிலிண்டர் ஹெட்

மும்பை சயான் கோலிவாடாவில் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்து வராந்தாவில், துளசித் தொட்டிக்குப் பக்கத்தில், மோட்டார் என்ஜினின் சிலிண்டர் ஹெட் ஒன்று கிடக்கிறது. கன்னங்கரேலென்று கறுத்து, அம்மைத் தழும்பு விழுந்த முகம் போலக் குழிகுழியாக இருக்கிறது. வீட்டுக்காரர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, டாக்சி கராஜ்களில் நாற்பது ஆண்டுகள் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அக்கம்பக்கத்தாருக்கு அவர் 'அண்ணாச்சி'. ஹெட் அவருடையதல்ல. செம்பூரிலிருந்து ஓர் இளைஞர் கொண்டுவந்து காட்டி, அங்கேயே விட்டுச் சென்றது.

இளைஞரின் தகப்பனார் 1986-ல் வாங்கிய பிரீமியர் பத்மினி கார், பல வருடங்களாக உறை போட்டபடி நின்றிருந்தது. பெரியவருக்கு எண்பது வயது நெருங்குகிறது. அதில் ஒருமுறையாவது மாதுங்கா வரை போய் வரவேண்டும் என்று அவருக்கு ஆசை. மகன் விடுமுறை நாட்களில் தாமே என்ஜினைக் கழற்றிச் சுத்தம் செய்யத் தொடங்கினார். கராஜ்களில் இரும்புப் பாகங்களைச் சூடான காஸ்டிக் சோடா தண்ணீரில் முக்கி எடுப்பதை அவர் பார்த்திருக்கிறார். சாக்கடை அடைப்பு நீக்க விற்கும் காஸ்டிக் சோடாவை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, பால்கனியில் வைத்து, இரவில் ஹெட்டை அதில் போட்டுவிட்டுப் படுத்தார். அடுப்பில் வைக்காமலே வாளி கொதித்தது. நுரை வழிந்தது. காலையில் எடுத்துப் பார்த்தால் இந்தக் கோலம்.

"தம்பி, இதை எதுல போட்டீய?" என்று மட்டும் அண்ணாச்சி கேட்டாராம். பதில் வந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பத்மினி என்ஜினின் அடிப்பாகமான பிளாக் வார்ப்பிரும்பு. மேலே உட்காரும் ஹெட் அலுமினியம். காஸ்டிக் சோடா இரும்பை ஒன்றும் செய்யாது. அதன் மேலிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கையும் பழைய பெயிண்டையும் மட்டும் உரித்தெடுக்கும். அலுமினியத்தையோ அப்படியே கரைத்துத் தின்றுவிடும். அப்போது வெளிவருவது ஹைட்ரஜன் வாயு; ஒரு தீப்பொறி போதும், பற்றிக்கொள்ளும். வாளி பால்கனியில் இருந்தது நல்லகாலம். சமையலறைக்குள் இருந்திருந்தால் நஷ்டம் ஒரு ஹெட்டோடு நின்றிருக்காது.

கார் வேலையை வீட்டில் செய்ய விரும்புகிறவர்களுக்கு அண்ணாச்சி முதலில் கொடுக்கும் ஆயுதம் ஸ்பானர் அல்ல, ஒரு சிறு காந்தம். ஒட்டினால் இரும்பு அல்லது எஃகு. ஒட்டாவிட்டால் அலுமினியம், துத்தநாகக் கலவை, பித்தளை இவற்றில் ஒன்று என்று கொள்ள வேண்டும். கார்பரேட்டரின் உடல் பெரும்பாலும் துத்தநாகக் கலவை. அதற்கும் காஸ்டிக் ஆகாது. துணி வெளுக்கும் சலவைச் சோடாகூட அலுமினியத்தைக் கறுக்க வைக்கும். எந்தச் சாமான், எந்த உலோகம் என்று தெரியாமல் எந்தத் தண்ணீரிலும் போடக்கூடாது என்பது அவருடைய கட்சி.

அப்படியானால் அலுமினியத்தில் படிந்த கரியை எப்படி எடுப்பது? மண்ணெண்ணெயில், அது கிடைக்காத இடத்தில் டீசலில், ஓர் இரவு ஊறவைத்தால் பிசுக்கு இளகிவிடும். பிறகு மூங்கில் சிம்பைச் சீவி அதனால் சுரண்ட வேண்டும். பல் தேய்க்கும் பழைய பிரஷ், அதிகம் போனால் பித்தளைக் கம்பி பிரஷ். எஃகுக் கம்பி பிரஷும் ஸ்க்ரூ டிரைவர் முனையும் அலுமினியத்தில் கோடு போட்டுவிடும். கேஸ்கெட் உட்காரும் முகத்தில் அந்தக் கோடு விழுந்தால் அதன் வழியே தண்ணீரோ அழுத்தமோ கசியும். அந்த முகத்தை உப்புத்தாளால் கையில் தேய்ப்பதும் தவறு. ஓரிடம் பள்ளம், ஓரிடம் மேடு ஆகிவிடும். கடைசியில் சோப்புப் போட்ட வெந்நீரில் கழுவி, எல்லாத் துவாரங்களிலும் காற்றடித்து உலர்த்த வேண்டும். எட்டு வால்வுகளையும் அட்டையில் துளையிட்டு, எண் எழுதி, வரிசை மாறாமல் செருகி வைக்க வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று சரியாக உட்காராது.

பெட்ரோலில் கழுவும் பழக்கத்தைச் சொன்னாலே அண்ணாச்சிக்குக் கோபம் வருகிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து அடுத்த அறை அடுப்புக்குப் போய்ச் சேரும். ஒரே அறையில் சமையலும் படுக்கையும் நடக்கும் மும்பை வீடுகளில் இதைவிடப் பெரிய முட்டாள்தனம் இல்லை என்கிறார்.

இரும்புக்குக் கஷ்டம் வேறு மாதிரி. கழுவிய வார்ப்பிரும்பு மும்பை மழைக்காலத்தில் சில நிமிடங்களிலேயே செம்பழுப்பாகிவிடும். ஆகவே உலர்ந்த கையோடு எண்ணெய் தடவியாக வேண்டும். சிறு இரும்புத் தாங்கிகள், சாதாரண மூடிகள் போன்றவற்றின் துருவை, கடையில் விற்கும் எலுமிச்சை உப்பு கரைத்த நீரே நீக்கிவிடும். எடுத்ததும் சமையல் சோடா நீரில் அலசி எண்ணெயிட வேண்டும். வால்வு ஸ்பிரிங்குகளை மட்டும் எந்த அமிலத்திலும் போடக்கூடாது. கெட்டிப்படுத்திய எஃகு அமிலத்தால் நொறுங்கும் தன்மை பெறும், ஓடும்போது உடையும். பெயிண்ட் அடிப்பதானால் பிளாக்கின் வெளிப்புறத்தைத் தின்னரால் துடைத்து, வெப்பம் தாங்கும் என்ஜின் பெயிண்டை மெல்லியதாக இரண்டு மூன்று பூச்சு கொடுக்கலாம். புகை போகும் மேனிஃபோல்டுக்கு அது நிற்காது. அதற்கென்று தனி பெயிண்ட் உண்டு. அலுமினியத்தைக் குத்துவிளக்குப் போலப் பளபளப்பாக்கும் ஆசை சிலருக்கு உண்டு. கடற்காற்றில் அந்தப் பளபளப்பு அதிக நாள் தங்காது.

கெட்ட ஹெட்டை லேத் பட்டறையில் முகம் சீவிச் சரிசெய்யலாமா என்று பார்த்தார்கள். இரும்பு அளவுகோலை முகத்தின் மேல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகியபோது பல இடங்களில் தாராளமாக நுழைந்தது. தண்ணீர்த் துவாரங்களின் ஓரம் பிளேடு போல் மெலிந்திருந்தது. சீவினால் தீராது என்று முடிவாயிற்று. பத்மினி குர்லாவில் தயாரான கார். உற்பத்தி நின்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. மும்பையின் கடைசி பத்மினி டாக்சியும் 2023 அக்டோபர் 30-உடன் விடைபெற்றுவிட்டது. புதுச் சாமானுக்கு எங்கே போவது? குர்லாவின் பழைய உதிரி பாகக் கடைகளில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்த பிறகு வேறொரு ஹெட் அகப்பட்டது. கரி ஒரு விரற்கடை படிந்திருந்தாலும் முகம் நேராக இருந்தது.

அதை இளைஞர் அண்ணாச்சியின் வராந்தாவில் உட்கார்ந்துதான் சுத்தம் செய்தார். டீசலும் மூங்கில் சிம்புமாக இரண்டு நாள் வேலை. அழுக்கு டீசலைச் சாக்கடையில் ஊற்றப் போனவரை அண்ணாச்சி தடுத்து, டின்னில் தெளியவிட்டு, மேலே தெளிந்ததை அடுத்த கழுவலுக்கு எடுத்துக்கொள்ளச் செய்தார். அடிக்கசடு பழைய ஆயில் வாங்குபவரிடம் போனது.

சென்ற வாரம் என்ஜின் ஓடியது. புதுப் பெயிண்ட் சூடேறிப் புகைந்ததில் பக்கத்து வீட்டார் ஓடிவந்துவிட்டார்கள். பெரியவர் காரில் ஏறி உட்கார்ந்தார். ஆனால் மாதுங்கா போகவில்லை. கொஞ்சம் வேகம் கொடுத்தாலே என்ஜின் அணைந்துவிடுகிறது. யாரோ கார்பரேட்டரின் பித்தளை ஜெட்டைக் கம்பியால் குத்தித் துவாரத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள் என்பது அண்ணாச்சியின் சந்தேகம். வரும் ஞாயிறு அதைக் கழற்றப் போகிறார்கள்.